மூணாவது கொட்டேஷன்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு வேணாம். இந்தப் பெட்டியை மடியில வெச்சுக்க எடம் இருந்தா போதும். கண்டக்டரு மேல வைக்கச் சொல்றாரு. மேல வெச்சா பிரேக் போடும்போது உருண்டு யார் தலையிலயாவது விழும். தலைக்கு ஒண்ணும் ஆகாது, பெட்டிக்கு ஆயிடும். அதான் மடியிலயே வெச்சுக்கறேன்.

பவர் சப்ளை தம்பி. கம்ப்யூட்டருக்குள்ள கரண்டு பிரிச்சுக் குடுக்கறது. நீங்க லேப்டாப் பை வெச்சிருக்கறதைப் பாத்துதான் இங்க வந்து உக்காந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பின்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் இருக்குது. கம்ப்யூட்டர் வேலைதானே? ஆங், நெனச்சேன். ஒரே ஒரு யோசனை கேக்கணும். கிளாம்பாக்கம் போறதுக்குள்ள சொன்னா போதும். அங்க எறங்கி நான் ரிச்சி ஸ்ட்ரீட்டு கம்ப்யூட்டர் கடைங்களுக்குப் போகணும். இந்த வருஷத்துல இது பதினாலாவது தடவை.

என் பேரு தெய்வசிகாமணி. திண்டிவனம். நகராட்சி குடிநீர்ப் பிரிவுல ஸ்டோர் கீப்பரா முப்பத்தோரு வருஷம் இருந்தேன். எந்த ஊரு நகராட்சின்னு கேக்காதீங்க, நாலஞ்சு ஊரு மாத்திட்டாங்க. கம்ப்யூட்டர் எனக்கில்ல, என் பையனுக்கு. இளம்பரிதின்னு பேரு. பத்தொம்போது வயசு. கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்தவன், ஒரே புள்ள. எனக்கு அவன்னா உசுரு தம்பி.

அவன் என்ன பண்றான்னா, கேம் ஆடறான். ஆடறதை அப்பிடியே நெட்டுல நேரடியா காட்டறான். கூடவே பேசிக்கிட்டே இருக்கான். அதை முந்நூறு நானூறு பேரு வேலை வெட்டியை விட்டுட்டுப் பாக்கறாங்க. பரிதி அண்ணே, பரிதி அண்ணேன்னு எழுதறாங்க. நான் இருந்த ஆபீஸ்ல மொத்தமே அறுபது பேரு. அதுல நான் பேசினா நிமிந்து பாக்க ஒரு ஆள் கிடையாது. இவன் ரூமுக்குள்ள இருந்துக்கிட்டு மதுரைக்காரனைச் சிரிக்க வெக்கறான், துபாய்க்காரனைச் சிரிக்க வெக்கறான்.

அதுக்கு அவங்கிட்ட இருக்கறது ஒரு பழைய லேப்டாப்பு. அது ஆடறதுக்கே மூச்சு வாங்குது. இதுல ஆடவும் வேணும், அதே நேரத்துல நெட்டுல விடவும் வேணும்னா? ஒரே மோட்டாரை வெச்சு மேல் டேங்கையும் ஏத்தி, தெருக்குழாயிலயும் தண்ணி விடற கதைதான். ரெண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாத்தான் வரும். அதனால நல்ல பிராசஸர், நல்ல கிராபிக்ஸ் கார்டு, அதுக்கேத்த மதர்போர்டு, ராம், கூலரு, எல்லாம் தனித்தனியா எடுத்துப் பூட்டணும். இதெல்லாம் எனக்கு முன்னாடி தெரியாது. இப்பக் கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எந்தப் பிராசஸருக்கு எந்த போர்டு சேரும், எந்தக் கார்டு எந்தப் பெட்டியில இடிக்கும், எல்லாம் ஃபைல் போட்டு வெச்சிருக்கேன். பையில இருக்குது, அப்பறம் காட்டறேன்.

பணமா? சேச்சே, பணம் பிரச்சினையே இல்ல. ரிட்டயர்மெண்ட்டு பணத்துல தனியா எடுத்து வெச்சாச்சு. பிரச்சினை மூணாவது கொட்டேஷன்.

எங்க டிபார்ட்மெண்டுல ஒரு வழக்கம் தம்பி. ஒரு நட்டு போல்ட்டு வாங்கணும்னாலும் மூணு கடையில வெலைப் புள்ளி வாங்கணும். மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, எது குறைச்சலோ அதை எடுக்கணும். ஒரு வருஷம் கோடையில பம்ப்பு எரிஞ்சு ஊருக்கே தண்ணி இல்ல. பொம்பளைங்க காலிக் குடத்தோட ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. நான் என்ன பண்ணேன், ஒரே கடையில போன் பண்ணி ஒரே கொட்டேஷன்ல மோட்டாரை எறக்கிப் போட்டுட்டேன். சாயங்காலம் ஊருக்குத் தண்ணி வந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு எனக்கு மெமோ வந்துச்சு. ஆடிட்டுல புடிச்சுட்டாங்க. ரெண்டு இன்கிரிமெண்டு கட்டு. மீதி ரெண்டு ஏன் வாங்கலைன்னு கேக்கறாங்க, தண்ணி வந்துதான்னு ஒருத்தனும் கேக்கல. அன்னியிலருந்து அவசரம்ங்கற வார்த்தையே நமக்கு ஆகாது. வீட்டுக்கு மிக்சி வாங்கினாலும் மூணு கொட்டேஷன்தான். என் சம்சாரம் பூங்கோதை தலையில அடிச்சுக்குவா. அடிச்சுக்கட்டும். அந்த மிக்சி இன்னிக்கும் ஓடுது.

ஜனவரியில பையன் கேட்டான். பொங்கல் முடிஞ்ச மறுநாளு. எதுவும் கேக்கவே மாட்டான் தம்பி, அப்பிடி ஒரு புள்ள. வந்து, "ப்பா, எனக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கித் தர முடியுமா, ஜூனுக்குள்ள"ன்னான். சரிடான்னேன். அதென்ன ஜூனுன்னேன். "சும்மாதான்பா. இந்த வருஷம் வேணும்"னான். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல பாத்துக்குங்க. நல்ல பொருளா, பத்து வருஷம் தாங்கறாப்புல வாங்குவோம்டான்னேன். "அவ்வளவு எதுக்குப்பா, இப்ப ஓடினா போதும்"னான். இப்ப ஓடினா போதும்னு வாங்கினதெல்லாம் என்ன கதியாச்சுன்னு ஸ்டோர்ல முப்பத்தோரு வருஷம் பாத்தவன் நான். விடுவேனா?

மொத தடவை ரிச்சி ஸ்ட்ரீட்டு போனேன். கடைக்காரன் எடுத்த எடுப்புல, என்ன கேம் ஆடுவாருன்னு கேட்டான். எனக்கு எங்க தெரியும்? துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடறது. எல்லா கேமும் ஓடணும்னு எழுதிக்கோன்னுட்டேன். வீட்டுக்கு வந்து பையன்கிட்ட, கேம் பேரு என்னடான்னேன். சொன்னான். மறந்துட்டேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன். அந்த விளையாட்டுல எல்லாரும் சுடறாங்க, இவன் சுடறதேயில்ல. ஓடிக்கிட்டே இருக்கான். மலையில ஏறி ஓடறான், வயல்ல எறங்கி ஓடறான். பாக்கறவங்ககிட்ட, "வாங்க, சும்மா ஒரு ரவுண்டு ஓடிட்டு வருவோம்"ங்கறான். ஓடறதுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய கார்டுன்னு கேட்டேன். "ஓடும்போது விட்டு விட்டு வருதுப்பா. கால் எடுத்து வெக்கறது முழுசாத் தெரிய மாட்டேங்குது. சரியா ஓடிப் பாக்கணும்பா"ன்னான்.

அவனால நடக்க முடியாது. சொன்னேன் இல்ல? சொல்லலையா? சொன்னாப்புலயே ஞாபகம். வீல்சேருதான். சின்னதுலருந்து ஒரு நோயி, தசை கொஞ்சம் கொஞ்சமாக் கரையறது. மொதல்ல காலு, அப்பறம் கையி, அப்பறம் அப்பிடியே மேல. டாக்டருங்க சொல்றதுதான். அவங்களுக்கென்ன. பத்து வயசுல நடை நின்னுடும்னாங்க, என் பையன் பதினொண்ணரை வயசு வரைக்கும் நடந்தான். ஒண்ணரை வருஷம் தப்பு! ஒரு டெண்டர்ல இவ்வளவு தப்பு வந்தா கேன்சல் பண்ணிடுவோம். போன டிசம்பர்ல டாக்டர்கிட்ட போனப்ப, கையில பலம் இன்னும் ஆறு ஏழு மாசம் இருக்கலாம்னாரு. அப்பறம் மூச்சு விஷயம் பாக்கணும்னாரு. பையனை வெச்சுக்கிட்டே சொல்றாரு. நான் வெளிய வந்து, டேய் இவரு இப்பிடித்தான் சொல்லுவாரு, அதுல ஒண்ணரை வருஷம் கூட்டிக்கணும்டான்னேன். சிரிச்சான்.

ஏப்ரல் மாசம் ஒரு கடையில வதூத் பாய்னு ஒருத்தரைப் புடிச்சேன். கடைக்கு ஓனரே அவருதான், என் வயசு இருக்கும், தங்கமான மனுஷன். என் லிஸ்டை வாங்கிப் பாத்துட்டு, "ஐயா, இவ்வளவு படிச்சு வெச்சிருக்கீங்களே, எங்க கடையில உக்காந்துக்கங்க"ன்னாரு. மொத கொட்டேஷன் அவருதான் குடுத்தாரு. பதினஞ்சு நாள் செல்லும். பையன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு போனைக் குடுத்தேன். கடை வாசலுக்குப் போயி பத்து நிமிஷம் பேசினாரு. என்ன பேசினாங்களோ. திரும்பி வந்தவரு மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. கடையில ஷோவுக்கு ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கண்ணாடிப் பெட்டி, உள்ள கலர் கலரா லைட்டு. அதை அணைச்சாரு. ஒயரையெல்லாம் கழட்டறாரு. "ஐயா, இதைத் தூக்கிட்டுப் போங்க. இன்னிக்கே போங்க. ஆட்டோ நான் சொல்றேன். காசு அப்பறம். உங்க புதுசு எப்ப அமையுதோ அப்ப இதைத் திருப்பிக் குடுங்க"ன்னாரு.

டிஸ்ப்ளே பீஸு தம்பி! வரவன் போறவன் எல்லாம் தட்டிப் பாத்தது. அதை என் புள்ளைக்கா? எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. என்ன பாய், என் பையனுக்கு ஓசியில பழசு வாங்கிப் போடற நெலமையிலயா நான் இருக்கேன்னு கேட்டுட்டேன். அவரு கையில ஒயரைப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னாரு. "ஐயா, நல்லாத்தான் ஓடுது"ன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. நான் ஃபைலை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அதுலருந்து அந்தக் கடைப் பக்கம் போறதில்ல.

அன்னிக்கு வீட்டுல பெரிய சண்டை. பூங்கோதைக்கு எப்பிடியோ தெரிஞ்சு போச்சு, பையன்தான் சொல்லியிருப்பான். "நீங்க என்னிக்குமே வாங்கப் போறதில்ல"ன்னு சொல்லிட்டு அழறா. என்ன பேச்சு இது? வாங்கறதுக்குத்தானே இவ்வளவு அலையறேன்? வாங்கிட்டா அப்பறம் என்ன இருக்குது, பூட்டிக் குடுத்துட்டு சும்மா உக்கார வேண்டியதுதான். இப்ப பாருங்க, தினம் காலையில எழுந்தா அவனுக்காகச் செய்ய ஒரு வேலை இருக்குது. இன்னிக்கு இந்தக் கார்டைப் பத்திப் படிக்கணும், நாளைக்கு அந்த போர்டைப் பத்திக் கேக்கணும்னு ஓடுது. சரி, அவகிட்ட இதெல்லாம் சொன்னா புரியாது.

மே மாசம் ரெண்டாவது கொட்டேஷன் வந்துச்சு. மூணாவதுக்கு நடந்தேன். மூணாவது வரதுக்குள்ள மொத கொட்டேஷன் காலாவதி. மறுபடி மொதல்லருந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவை மூணும் கையில இருக்கு, ஒரே தேதிக்குள்ள. எடுத்துடலாம்னு சட்டையைப் போட்டுக்கிட்டுக் கெளம்பினேன். செருப்பு மாட்டும்போது போன்ல ஒரு வீடியோ வருது. புதுக் கார்டு வருதாம், ரெண்டே மாசத்துல. பழசைவிட ஒண்ணரை மடங்கு வேகமாம். நீங்களே சொல்லுங்க தம்பி, தெரிஞ்சே யாராவது பழசை எடுப்பாங்களா? திரும்பி வந்து சட்டையைக் கழட்டினேன். பையன் வீல்சேர்ல வாசலுக்கே வந்து உக்காந்திருந்தான். "என்னப்பா, போகலையா?"ன்னான். விஷயத்தைச் சொன்னேன். சரிப்பான்னான். கோவமே வராது அவனுக்கு.

ஆனா வெறுங்கையா விடக்கூடாதுன்னு, ஜூலையில இந்தப் பவர் சப்ளையை மட்டும் எடுத்தேன். இது ஒண்ணுதான் மாடலு மாறாது, மூணு கொட்டேஷனும் சரியா அமைஞ்சுச்சு. பத்து வருஷம் வாரண்டி தம்பி! இந்தாங்க, பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க, பத்து வருஷம். கொண்டுபோயி அவன் மடியில வெச்சேன். தூக்க முடியல, நான்தான் புடிச்சுக்கிட்டேன். படிச்சான். "பத்து வருஷமாப்பா?"ன்னான். ஆமாண்டான்னேன். பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தான், அப்பறம் சிரிக்க ஆரம்பிச்சுட்டான். சிரிக்கறான் சிரிக்கறான், இருமல் வர வரைக்கும் சிரிக்கறான். சந்தோஷம் தாங்கல அவனுக்கு. பூங்கோதை என்னடான்னா எழுந்து சமையக்கட்டுக்குள்ள போயிட்டா. ஒரு நல்ல காரியம் நடக்கும்போதுகூட கூட நிக்க மாட்டா.

என்னது? ஜூன் தாண்டிடுச்சேங்கறீங்களா? தாண்டித்தான் போச்சு. அதுக்கென்ன பண்றது. நானா தாண்ட வெச்சேன்? கார்டு கம்பெனிக்காரன் தாண்ட வெச்சான்.

கையி கொஞ்சம் அசதியாத்தான் இருக்குது இப்ப. ஆகஸ்ட்டுல தம்ளரு தூக்க முடியல. சரி, அது எவர்சில்வர் தம்ளரு, கனம். பிளாஸ்டிக்ல குடுத்தேன். அப்பறம் அதுவும். இப்ப வலது கையில ஆள்காட்டி வெரலு மட்டும் நல்லா அசையுது. மவுஸை நகத்த முடியல. யாராவது கையை எடுத்து மவுஸ் மேல வெச்சா வெரலால தட்டறான். அதான் நல்லாத் தட்டறானேன்னு பூங்கோதைகிட்ட சொன்னேன். அவ எழுந்து போயி அவன் கையை எடுத்து மவுஸ் மேல வெச்சா.

போன ஞாயித்துக்கிழமை பத்து மணி வாக்குல நான் ஹால்ல உக்காந்து ஃபைல் பாத்துக்கிட்டு இருக்கேன். உள்ள அவன் பேசறது கேக்குது. ஒளிபரப்பு ஓடுது. ஆனா ஆடறது அவன் இல்ல. பாக்கறவங்கள்ல எவனோ ஒருத்தன் அவனுக்குப் பதிலா ஆடறான், இவன் வழி சொல்றான். "எடது பக்கம் போ. அந்த மேட்டுல ஏறு. ஏறிட்டியா? இப்ப ஓடு. நிக்காத, நிக்காத, ஓடு ஓடு ஓடு"ன்னு கத்தறான். அந்த ஆளு கேணையன், அங்கங்க நின்னு சுட்டுக்கிட்டு இருக்கான். இவன் மூச்சு வாங்க வாங்க, "சுட வேணாம்டா, எனக்காக ஒரு தடவை ஓடுடா"ங்கறான். அப்பத்தான் தம்பி ஃபைலை மூடிட்டேன். என்னமோ ஆயிடுச்சு எனக்கு. கதவுகிட்ட போயி நின்னேன், உள்ள போகத் தைரியம் வரல. பயமா இருந்துச்சு. எதுக்குப் பயம்னு கேட்டா சொல்லத் தெரியாது.

அப்ப யாரோ கேட்டிருக்கான், அண்ணே புதுக் கம்ப்யூட்டர் எப்ப வருதுன்னு. இவன் சொல்றான், "எங்கப்பா பாத்துக்கிட்டு இருக்காரு. அவரு வாங்கறது பத்து வருஷம் ஓடும். நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும். நீங்க வந்து ஆடிக்கங்கடா"ன்னான். எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டிருப்பாங்க போல, இவனும் சிரிச்சான். பாத்தீங்களா? அவனுக்கே தெரியுது, அப்பா எடுத்தா தரமா எடுப்பாருன்னு. எனக்கு அது போதும். மறுபடி வந்து ஃபைலைத் தொறந்தேன்.

அச்சரப்பாக்கம் தாண்டிட்டமா? சரி, விஷயத்துக்கு வரேன். புதுக் கார்டு ஒருவழியா வந்துடுச்சு. ஆனா அது கரண்டை இழுக்கற இழுப்புக்கு இந்தப் பவர் சப்ளை பத்தாதாம். இது எழுநூத்தம்பது வாட்ஸ், அதுக்கு ஆயிரம் வேணுமாம். அதான் மாத்தித் தருவானான்னு கேக்கப் போறேன். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கல, ஸ்டிக்கர் அப்பிடியே இருக்கு பாருங்க. மாத்தித் தருவான் இல்ல?

இன்னொண்ணு. இதைத்தான் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். கையே வேணாமாம், கண்ணு அசைச்சாலே மவுஸ் நகருதாமே, கண்ணால பாத்தே கேம் ஆடலாமாமே? நேத்து டாக்டருதான் சொன்னாரு. அது வந்துட்டா லிஸ்டே மாறிடும். அது எந்த போர்டுல சேரும், அதுக்கு எவ்வளவு வேகம் வேணும், எல்லாம் முதல்லருந்து பாக்கணும். நமக்குத் தெரிஞ்சு ஒரு கடையிலதான் இருக்குதாம். அதான் பிரச்சினை. இன்னும் ரெண்டு கடை வேணும். உங்களுக்கு யாராவது தெரியுமா? உங்க நம்பரைக் குடுங்க, நான் அப்பறம் கூப்பிடறேன். ஏன் தம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

அந்தக் கண்ணு சமாச்சாரத்தை நிதானமாப் பாத்துக்கலாம்னு இருக்கேன். தைக்கு மேல வெலை குறையுதாம். இந்த நோயில கையி போகும், மூச்சு போகும், கண்ணு மட்டும் போகாதாம், கடைசி வரைக்கும் அசையுமாம், டாக்டரே சொல்லிட்டாரு. அப்ப அவசரம் ஒண்ணும் இல்லதானே தம்பி?